பாலத்தால் போகும் மடிக்கணினி

ஓய்வு பெற்ற பிறகும் என்னைச் சும்மா இருக்க விடுகிறார்களா? போன வாரம் நான் வேலை செய்த பழைய கந்தோரிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். புதிய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டானாம். எல்லாம் தன்பாட்டில் நடந்து முடிந்ததாம். பூட்லோடரை எங்கே வைப்பது என்று அது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். "அக்கா, நீங்க வேல செய்யக்குள்ள அது கேக்குமாமே, நீங்க என்ன சொல்லுவீங்க?" என்றான். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "மறுகா எடுக்கன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

வைத்தேனே தவிர, அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்தபடி இருந்தேன். "என்னத்தத் துலைச்சிற்றுத் தேடுறாய்?" என்று கணவர் கேட்டார். ஒன்றையும் தொலைக்கவில்லை. அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதுதான் விஷயம். எழுதிவிட்டாலாவது என் கால் ஓயுமா பார்ப்போம்.

தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கணினிக்கு உயிர் கொடுத்ததும் அது வன்தட்டின் ஆகத் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் துண்டைத்தான் முதலில் வாசிக்கும். அந்தத் துண்டில் இருப்பதுதான் பூட்லோடர். வின்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயக்குதளங்களும் ஒரே வன்தட்டில் இருந்தால், எதைத் திறக்க என்று கேட்பதும் அதுதான். லினக்ஸ் போடும்போது அந்தக் காலத்தில் நம்மிடம் ஒரு கேள்வி வரும்: இதை முழு வன்தட்டின் முன்னால் வைக்கவா, லினக்சுக்கு ஒதுக்கிய பகுதியின் முன்னால் வைக்கவா? மற்ற ஊர்களில் இதற்குப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பார்கள். மட்டக்களப்பில் நாங்கள் வாவியைப் பார்த்துப் பதில் சொன்னோம்.

என் படிப்பில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கொழும்பில் ஒரு பாடநெறி, பிறகு ஒரு கடையில் கணினி திருத்தும் வேலை. வீதிக்கு வீதி சோதனைக்கு நின்று அடையாள அட்டை காட்டி அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பினேன். சுனாமியில் கடல் வந்து போன பிறகு, உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்கித் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு நிவாரண அமைப்பு நகரில் கந்தோர் திறந்தது. அங்கே கணினிப் பகுதியில் சேர்ந்தேன். பகுதி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். நானும் பரீட் சேரும் ஒரு மேசைவிசிறியும்தான்.

பகுதிக்குப் பொறுப்பான பரீட் சேர் காத்தான்குடிக்காரர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டார். ஒரு மடிக்கணினியைத் திறக்கமுன் கைக்குட்டையை எடுத்து மூடியைத் துடைப்பார். துடைத்த கைக்குட்டையை நாலாய் மடித்துப் பைக்குள் வைப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். எனக்கோ அதற்குள் பொறுமை போய்விடும். "சேர், தாங்க, நான் போட்டுத் தாறன்" என்று கையை நீட்டுவேன். அவர் தரமாட்டார். "பொறு புள்ள. இந்தப் பெட்டி எந்தப் பாலத்தால போகும்? அதச் செல்லு முதல்ல."

அதுதான் எங்கள் பகுதியின் முதல் விதி. நகருக்குள்ளே கிடக்கும் கணினி என்றால் எப்படியும் போடலாம். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகிற கணினி என்றால் கதை வேறு. அந்தக் கரை அப்போது ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் கையில், இந்தக் கரை ஆமியின் கையில். இடையில் பாலம். பாலத்தின் இந்த முனையில் மணல்மூட்டைக் காவலரண். மடிக்கணினி கொண்டுபோகிறவர் அதை மூட்டைமேல் வைத்துத் திறந்து, உயிர் கொடுத்துக் காட்டவேண்டும். பச்சைப் புல்மேடும் நீல வானமும் உள்ள அந்த வின்டோஸ் படம் வந்தால் சிப்பாய்க்குத் திருப்தி. அந்தப் படத்தை அவன் தன் முகாமிலும் கண்டிருப்பான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் ஆள் அங்கேயே நிற்கவேண்டியதுதான்.

அப்படியென்றால் லினக்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்டுக் கேட்டே என் காது புளித்துவிட்டது. கிணறுகளை வரைபடத்தில் குறிக்கும் மென்பொருள் லினக்சில் இலவசம், வின்டோசில் கைக்கெட்டாத விலை. வெளியூர் போய்வந்த பென்டிரைவ் ஒவ்வொன்றும் ஒரு வைரசைக் கூட்டிக்கொண்டு வரும். லினக்ஸ் அதையெல்லாம் கணக்கெடுக்காது. வேறு வழி இருந்திருந்தால் நாங்கள் ஏன் இந்தத் தலையிடியை விலைக்கு வாங்குகிறோம்?

பாலத்தால் போகிற கணினிக்கு சேர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வின்டோசில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒதுக்கி ஒழுங்காக்கவேண்டும். பிறகு வன்தட்டைப் பிரித்து, பின்பாதியில் லினக்ஸ். பூட்லோடர் ஆக முன்னால். அதன் பட்டியல் கோப்பைத் திறந்து மூன்று மாற்றம் செய்யவேண்டும். தானாகத் திறப்பது வின்டோஸ், காத்திருப்பது ஓரிரு விநாடி, பட்டியல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கவேண்டும். அந்த ஓரிரு விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தினால்தான் பட்டியல் வெளியே வரும். அழுத்தாவிட்டால் நேரே புல்மேடும் வானமும்.

போட்டு முடிந்ததும் சேர் தானே சிப்பாயாக மாறுவார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, திற என்று சிங்களத்தில் "ஓபன் கரண்ட" என்பார். நான், கணினியைப் பாலத்தால் கொண்டுபோகிற சுந்தரண்ணனாக மாறி மூடியைத் திறப்பேன். படம் வந்ததும் "யன்ன", போகலாம், என்று கையை வீசுவார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்கமாட்டார், திரும்பவும் மூடச் சொல்லுவார். இந்த நாடகத்தில் ஒரு குறை இருந்தது. எங்கள் சிப்பாய் ஒருநாளும் விசைப்பலகையில் கை வைக்கவில்லை. உண்மைச் சிப்பாய்களும் அதுவரை வைத்ததில்லை, அதனால் அது எங்களுக்குத் தோன்றவுமில்லை.

சுந்தரண்ணன் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர். பழுகாமத்து ஆள். சண்டை திரும்பத் தொடங்கியதும் மனைவி பிள்ளைகளை நகருக்குக் கூட்டிவந்து ஒரு வாடகை வீட்டில் வைத்திருந்தார். வேலை மட்டும் வாவிக்கு அந்தப் பக்கம். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, பழுகாமம், உன்னிச்சை என்று கிணறு கிணறாகத் தண்ணீரைச் சோதித்து வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் பின்னேரம் திரும்புவார். நல்ல தண்ணீருக்கு நீலப் புள்ளி, குடிக்கக்கூடாததற்குச் சிவப்பு. சனம் இடம்பெயர்ந்து ஊர் ஊராக வந்து குவிந்துகொண்டிருந்த நேரம் அது. எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று அவர் சொன்னால்தான் தண்ணீர் பௌசர் வண்டி எங்கே போவதென்று முடிவாகும்.

ஒருநாள் காலை, கந்தோர் திறந்த கையோடு, ஒரு மீன் வியாபாரி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். "உங்கட சுந்தரலிங்கத்தப் பாலத்தடியில புடிச்சி வச்சிரிக்கானுகள். கொம்பியூட்டர்ல என்னமோ வந்ததாம். முகாமுக்குள்ள கொண்டு போயிற்றானுகள்" என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவர் பயம் அவருக்கு.

நடந்தது இதுதான், பிறகு அறிந்தது. காவலரணுக்குப் புதிதாக ஒரு சிப்பாய் வந்திருக்கிறான். சின்ன வயசு, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன். சுந்தரண்ணன் கணினியைத் திறந்ததும் அந்த ஓரிரு விநாடியில், ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று திரையின் மூலையில் ஒரு வரி வந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் யாரும் அதைக் கவனிப்பதேயில்லை. அவன் வாசித்தான், அழுத்தினான். மறைத்து வைத்த பட்டியல் வெளியே வந்தது. அதில் லினக்சின் பெயருக்குப் பக்கத்தில் அதன் பதிப்பு எண், புள்ளியும் கோடுமாக நீளமாய்க் கிடந்தது. வோக்கிடோக்கியில் பேசும் அலைவரிசை என்று நினைத்துவிட்டார்கள். "இதென்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். சுந்தரண்ணன் பதறிப்போய் "ஒண்டுமில்ல சேர்" என்றிருக்கிறார். கண்முன்னால் இருப்பதை ஒன்றுமில்லை என்றால் யார்தான் விடுவார்கள்?

சேர் தொலைபேசியில் தெரிந்தவர்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டிருக்க, நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது சுந்தரண்ணனின் மனைவி பவளக்கா வந்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். வந்தவர் உட்காரவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, நீதானே அத இவருக்குப் போட்டுக் குடுத்தது?"

"ஓம் அக்கா."

"அதுக்குள்ள என்ன வச்சனீங்க? எனக்கிட்டச் சொல்லுகா."

"கிணத்துப் படம்தான் அக்கா. வேற ஒண்டும் இல்ல."

"கிணத்துப் படத்த ஏன் ஒளிச்சி வச்சனீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. புல்மேட்டுப் படம், கறுப்புத் திரை, காவலரண் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தலாம். அதற்குள் அவரே தொடர்ந்தார். "இவர் பொல்லாத பயந்தவர், தங்கச்சி. ரெண்டு அடி அடிச்சாத் தெரியாததையும் தெரியும் எண்டு சொல்லுவார். அதுக்குப் பிறகு ஆள் திரும்புமா?" என்றார். அப்போதுதான் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. யார் யாரோ அப்படிப் போய்த் திரும்பாமல் இருந்த காலம், அவர் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

முகாமிலிருந்து எங்களை வரச் சொன்னார்கள். சேர் வின்டோஸ் போடும் குறுந்தட்டையும் லினக்ஸ் குறுந்தட்டையும் ஒரு கடித உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டார். போகும்போது ஓட்டோவில் நான்தான் வழி முழுக்கப் பிதற்றிக்கொண்டு போனேன்.

முகாம் முற்றத்தில் வேப்பமரத்தடியில் போட்டிருந்த மரவாங்கில் சுந்தரண்ணன் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பில்லை. சட்டையின் மேற்பொத்தான்கள் அறுந்திருந்தன. எங்களைக் கண்டும் தலையை நிமிர்த்தவில்லை. ஓடிப்போய்ப் பேசலாம் என்றால் சேர் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே மேசையில் மடிக்கணினி திறந்து கிடந்தது. கப்டன் நாற்பதைத் தொடாத மனிதர், குரல் உயர்த்தாதவர். சுவரோடு ஒட்டி அந்தச் சின்னச் சிப்பாய் நின்றான். பேச்சு சிங்களத்தில். சேருக்குத் தண்ணிபட்ட பாடு, எனக்கு அரைகுறை. விளங்கினதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் ஆள் இதற்குள் தன்னைத்தானே அழிக்கும் ஏதோ ஒன்றை வைத்திருக்கிறான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிந்துவிட்டது. இப்போது இது திறக்கவே மறுக்கிறது" என்றார் கப்டன்.

திரையைப் பார்த்தேன். கறுப்பு. பூட்லோடரின் பெயர், அதன் கீழே பிழை 22. அவ்வளவுதான். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பிழை 22 என்றால், தேடுகிற பகுதியே வன்தட்டில் இல்லை. யாரோ வின்டோசுக்குள் போய், வன்தட்டுப் பகுதிகளைக் காட்டும் இடத்தைத் திறந்திருக்கிறார்கள். லினக்ஸ் பகுதி அங்கே பெயரில்லாமல் தெரியும். அதைத் திறந்து பார்க்க வின்டோஸ் வழி தராது. அதன்மேல் அழுத்தினால் வருகிற தெரிவு ஒன்றே ஒன்று, அழி என்பது. அதையும் அழுத்தியிருக்கிறார்கள். பூட்லோடரின் முதல் துண்டு முன்னால் இருக்கிறது, மீதி அந்தப் பகுதிக்குள் இருந்தது. வீட்டை இடித்துவிட்டு, வாசல்மணி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிற மாதிரி.

சுவரோரம் பார்த்தேன். சின்னச் சிப்பாயின் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. "சேர், இது தானாக..." என்று நான் தொடங்கினேன். பரீட் சேர் என்னைத் திரும்பியும் பார்க்காமல் கப்டனிடம் சொன்னார்: "அப்பே வெரத்த, சேர்." எங்கள் பிழை. நாங்கள் போட்டவிதம் சரியில்லை, பழைய மென்பொருள், இப்படி இடையில் குழம்புவதுண்டு, இந்த மனிதருக்கு இதில் ஒன்றும் தெரியாது, இவர் தண்ணீர் சோதிப்பவர். கைக்குட்டையை எடுத்து அந்தக் கணினியின் மூடியைத் துடைத்தபடி, அவசரமில்லாமல் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. எங்கள் பிழையா? நான் போட்டதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. "புள்ள, வாயத் திறக்காம முன்பக்கத்தத் திருத்து" என்றார் சேர் தமிழில்.

வின்டோஸ் தட்டைப் போட்டேன். திருத்தும் பகுதிக்குள் போய், எந்த வின்டோஸ் என்ற கேள்விக்கு ஒன்றை அழுத்தி, முன்துண்டைப் புதிதாக எழுதும் கட்டளையைக் கொடுத்தேன். அது எச்சரித்தது. இப்படிச் செய்தால் வன்தட்டில் உள்ள எல்லாம் எட்டாமல் போகலாம், நிச்சயமா? போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கணினி என்பது தெரிந்ததை மட்டும் செய்கிற சாமான் இல்லை, அதுவும் ஆமி முகாமில். ஓம் என்று அழுத்தினேன். திரை இருண்டது. சேரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஓதியிருப்பார்.

புல்மேடும் வானமும் வந்தன.

கப்டன் நாற்காலியில் சாய்ந்தார். கணினியை அங்குமிங்கும் தட்டிப் பார்த்தார். தண்ணீர் அறிக்கைகள், பிள்ளைகளின் படங்கள், ஒரு திருவிழாப் படம். "இனி இப்படி ஒளித்து வைத்த ஒன்றும் இந்தப் பாலத்தால் போகக்கூடாது" என்றார். பின்னேரம் கணினியையும் தந்து சுந்தரண்ணனை விட்டார்கள்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு வரும்போது ஓட்டோவில் நான் வெடித்துவிட்டேன். "அழிச்சது அவங்கட ஆள் சேர். அந்தப் பொடியன்ட மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நம்மட பிழை எண்டு ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"அந்தக் கப்டன அவன்ட ஆக்களுக்கு முன்னால பிழைகாரனாக்கிப்போட்டு, மறுகா அவன்கிட்டயே நம்மட ஆளத் தாங்க எண்டு கேக்க ஏலுமா புள்ள?" என்றார் சேர். "நான் சுந்தரத்தக் கூட்டிவரப் போன. சரி பிழை பாக்கப் போகல்ல." கைக்குட்டையை நாலாய் மடிக்கப் பார்த்து, சரிவராமல் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் லினக்ஸ் தட்டைப் போட்டு, காணாமல் போன பகுதியின் எல்லையைத் தேடினேன். அதன்மேல் புதிதாக ஒன்றும் எழுதப்படாததால் அப்படியே கிடைத்தது. கிணறுகள் எல்லாம் இருந்தன, நீலமும் சிவப்புமாக. ஆனால் சேர், பாலத்தால் போகிற கணினிகளில் இனி லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். சுந்தரண்ணன் உதடு வீங்கிய முகத்தோடு வந்து எங்கள் மேசையருகில் நின்றார்.

"படம் இல்லாம நான் அங்க போய் என்ன செய்யிற சேர்? எந்தக் கிணறு கூடாது எண்டு எல்லாம் எனக்கு மனப்பாடமா? சனம் அள்ளிக் குடிச்சிக்கிட்டுத்தானே இரிக்கி."

"உனக்கு இன்னும் போதாதா சுந்தரம்?" என்றார் சேர்.

"போதும் சேர். அதுதான் சொல்லுறன். ஒளிக்காமப் போடுங்க." என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அவங்க பாத்தா நான் விளக்கம் சொல்லுவன். கண்டுபிடிச்சா என்னால விளக்கம் சொல்ல ஏலா. என்னை அடிக்கக்குள்ள அவங்க கேட்டது ஒண்டே ஒண்டுதான், ஏன் ஒளிச்ச எண்டு."

பவளக்காவும் அதையேதான் கேட்டிருந்தார் என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சேர் கணினியை என் பக்கம் தள்ளிவிட்டார். துடைக்காமல் தள்ளிய ஒரே தடவை அதுதான்.

பூட்லோடரைத் திரும்பவும் ஆக முன்னால் வைத்தேன். பட்டியலை மறைக்கும் வரியை எடுத்துவிட்டேன். யாராவது ஒன்றைத் தெரிந்தெடுக்கும்வரை அது திரையில் நிற்கும்படி செய்தேன். அலைவரிசை போலத் தெரிந்த அந்த எண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கிணற்று வரைபடம் என்று ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்தில் சிங்களத்திலும் எழுதினேன். சிங்களச் சொல்லைச் சேர் சொல்லித் தந்தார். எவ்வளவு பார்த்தும் எனக்குத் திருப்தி வரவில்லை. முழு நிர்வாணமாய் ஒருவரை வீதிக்கு அனுப்புவது போலிருந்தது.

மறுநாள் காலை நானும் பாலத்தடிக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கந்தோரில் இருக்க முடியவில்லை. பவளக்கா எனக்கு முன்னமே வந்து, வீதியோரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காவலரணில் அதே சின்னச் சிப்பாய். சுந்தரண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கணினியை மூட்டைமேல் வைத்துத் திறந்தார். பட்டியல் வந்திருக்கவேண்டும், சிப்பாய் குனிந்தான். சுந்தரண்ணன் விரலால் திரையைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னார். சிப்பாய் கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனான். பவளக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். கொண்டுபோன கையை அவன் அந்தரத்தில் நிறுத்தி, சுந்தரண்ணனின் உதட்டைப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான். பிறகு தானே கணினியை மூடி, இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் கொடுத்தான்.

சுந்தரண்ணன் திரும்பிப் பார்க்காமல் பாலத்தில் ஏறினார். அந்தக் கரையில் மோட்டார் சைக்கிள் மறையும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகுதான் நடப்பதை விட்டு, அப்படியே வீதியோரம் குந்தினேன். சரியாகப் போட்டுவிட்டேன் என்ற பெருமைகூட ஒரு கணம் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

பவளக்கா இன்னும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் போவார்தானேகா?" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன். "நாளைக்கும் போவார்."